எட்டுக்கைச் சட்டை

மாடு கன்று போடுகிறது, கோழி முட்டை போடுகிறது, சௌந்தரபாண்டி காம்பவுண்டில் மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த எட்டுக்கால் பூச்சி சட்டை போட்டது. நீங்களும் நானும் மாட்டிக்கொள்கிற மாதிரிப் போடவில்லை, ஈன்று போட்டது. பாம்பு முள்ளுச்செடியில் உரித்து விட்டுப்போகுமே, அந்தச் சவ்வுச் சட்டையும் இல்லை. காலர் வைத்து, பொத்தான் வைத்து, நெஞ்சுப் பக்கம் ஒரு பாக்கெட்டும் வைத்து, வாட்டசாட்டமான ஆம்பிளை போட்டால் நிறைகிற சட்டை, கை மட்டும் எட்டு. உள்ளங்கை அகலப் பூச்சிக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய சட்டை எப்படி வந்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. தீப்பெட்டிக்குள் பட்டுச்சேலையை மடித்து வைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே, அதெல்லாம் மடிக்கிற கையைப் பொறுத்தது என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், இந்தச் சட்டை யாருக்குச் சேரும்?

சீனியம்மாள் மட்டும் வேறு கேட்டாள். அதுக்கு யாராவது தண்ணி வைத்தீர்களா என்று கேட்டாள். திண்டுக்கல்லில் ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் எதிரும் புதிருமாக வரிசை வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்து மூலையில் மோட்டார், அதற்கடுத்த கடைசி வீட்டில் மிஷின் போட்டுத் தைக்கிறவள் அவள். அந்தக் காம்பவுண்டில் அவள் தைக்காத சட்டை கிடையாது, அவளைச் சட்டை பண்ணின ஆளும் கிடையாது. அதனால் அவள் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

பூச்சியைக் கொண்டுவந்தவன் மிதுன் என்று ஒரு பையன், செல்போன் கடையில் வேலை, மாடி ரூமில் தனிக்கட்டை. எங்கிருந்தோ பார்சலில் வரவழைத்து, கண்ணாடிப் பெட்டி வாங்கி, அதைத் தன் கை மேலும் தோள் மேலும் ஏறவிட்டு வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நாள் ஊரெல்லாம் ஆகா ஓகோ என்றது, அப்புறம் ஊருக்குச் சலித்துப்போனது, ஊருக்குச் சலித்ததும் அவனுக்கும் சலித்துப்போனது. ஓசூரில் வேறு வேலை கிடைத்து வீட்டைக் காலி பண்ணினபோது கட்டிலை எடுத்தான், மிக்சியை எடுத்தான், வாசலில் கிடந்த பிய்ந்த மிதியடியைக்கூட உதறி மடித்து எடுத்துக்கொண்டான், உசுரை மட்டும் விட்டுவிட்டுப் போனான். வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி அதைத் தொடவும் பயந்து, கொல்லவும் பயந்து, ஆள் வைத்துப் பெட்டியோடு தூக்கி மாடிப்படிக்குக் கீழே மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

மோட்டார் போடப் போகிற சீனியம்மாள்தான் அதைத் தினமும் பார்த்தாள். எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் விளக்குமாற்றைத் தேடுகிறவள்தான் அவளும், பெரிய ஜீவகாருண்யவாதி என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் பெட்டிக்குள் ஒரு சோடா மூடி கிடந்தது, அது காய்ந்து வெள்ளைப் பூத்துப்போயிருந்தது, அந்த மூடியைப் பூச்சி முன்னங்காலால் தடவிப் பார்ப்பதும் ஒதுங்குவதும் மறுபடி வந்து தடவிப் பார்ப்பதுமாக இருந்தது. அவள் மோட்டாரைப் போட்டாள். கையைத் துணியால் சுற்றிக்கொண்டு பெட்டியைத் திறந்து மூடி நிறையத் தண்ணீர் விட்டாள், பூச்சி மெதுவாக வந்து முகத்தைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே நின்றது, மோட்டார் ஓடித் தொட்டி நிறைந்து வழிந்த பிறகும் அது தலையை எடுக்கவில்லை.

அன்றைக்கே மிதுனுக்குப் போன் பண்ணினாள். அவன் சிரித்துக்கொண்டே, அதுக்கு ஒண்ணும் வேணாம்க்கா, மாசக்கணக்கா சாப்பிடாமக் கிடக்கும்க்கா, அதுதான் அதுல வசதியே என்றான்.

"பட்டினி கிடக்கத் தெரியும்னா பட்டினி போட்டுரலாமாடா?" என்று கேட்டாள் சீனியம்மாள். அந்தப் பக்கம் லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் நம்பரிலிருந்து போன் போனால் அவன் எடுப்பதே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் முதல் சட்டை வந்தது. எட்டுக் கையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது, சீனியம்மாளிடம் கொடுத்தார்கள், அவள் ஆறு கையை வெட்டியெடுத்து அந்த ஓட்டைகளை அதே துணியால் அடைத்துத் தைத்துக் கொடுத்தாள். ரோஸ் கலந்த பழுப்பு நிறம், நல்ல கனம், தடவினால் கன்றுக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்று இருந்தது. இடம் என்னுடையது, படி என்னுடையது, சட்டையும் என்னுடையது என்று சௌந்தரபாண்டி அதை வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு ஆபீசுக்குப் போனார், பேர் சொல்வானேன், சாக்கடை அடைப்புக்காக அவர் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்த ஆபீஸ். உள்ளே நுழைந்ததும் வாசலில் இருந்தவர் எழுந்தார், அடுத்தவர் எழுந்தார், நாற்காலி வந்தது, டீ வந்தது, அவர் வீடு வந்து சேர்வதற்குள் சாக்கடை குத்துகிற வண்டியும் வந்து நின்றது.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் முத்துவிநாயகம் அதே காம்பவுண்டில் மூன்றாவது வீட்டுக்காரர், அவரைத் தூரத்தில் பார்த்தாலே ஜனங்கள் கதவைச் சாத்துவார்கள். இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போன அன்றைக்குக் கதவுகள் தானாகத் திறந்தன, வாங்க வாங்க உள்ளே வாங்க என்று உட்காரவைத்து அவர் சொல்வதை முழுசாகக் கேட்டார்கள். துபாயில் இருக்கிற மகன் பேசுவதே இல்லை என்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் அதைப் போட்டுக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டாள், மகன் அழுதுகொண்டே பேசினான். அப்போதுதான் விஷயம் எல்லோருக்கும் விளங்கியது. அந்தச் சட்டையைப் போட்டவர்களை உலகம் சட்டை பண்ணுகிறது.

ஆள் பாதி ஆடை பாதி என்று சும்மாவா சொன்னார்கள் என்று முற்றத்தில் நின்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, எத்தனை வருஷமாக எத்தனை கவுண்டரில் எத்தனை பேரிடம் தள்ளிநில்லு என்று கேட்ட ஜனங்கள் அவர்கள். குற்றம் சொல்ல முடியாதுதான், ஆனால் நான் சொல்லத்தான் போகிறேன், ஏனென்றால் அத்தனை பேரில் ஒருத்தருக்காவது இந்தச் சட்டை எங்கிருந்து வருகிறதோ அந்த உடம்புக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டாமா என்று தோன்றியதா, சொல்லுங்கள். தோன்றவில்லை. கேஸ் வந்துச்சா, தண்ணி லாரி வந்துச்சா என்று கேட்பதுபோல் சட்டை வந்துச்சா என்று கேட்கப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வீட்டு வரிசைப்படி முறை வைத்தார்கள். காலையில் ஒரு வீடு, சாயங்காலம் அடுத்த வீடு. பெண் பார்க்கப் போகிறவர்கள், பேங்கில் லோன் கேட்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கப் போகிறவர்கள் என்று பக்கத்துத் தெருக்காரர்களும் வந்து சொந்தம் கொண்டாடினார்கள். போடப் போடச் சட்டை நைந்துபோகும், நைந்தால் கீர்த்தியும் போய்விடும், அதனால் அடுத்தது எப்போது அடுத்தது எப்போது என்று பெட்டியைத் தட்டிப் பார்ப்பதே எல்லோருக்கும் வேலையாகிவிட்டது.

பெட்டிக்குள் இருப்பது யார் என்றும் ஆராய்ச்சி பண்ணினார்கள். ஒருத்தர் நம் சிறுமலையில் இருக்கிற ஜாதிதான் என்றார், ஒருத்தர் போன ஜென்மத்தில் தறிக்காரன் என்றார். சட்டையை எடுக்கக் கை விட்டவர்களுக்கெல்லாம் முழங்கை வரைக்கும் அரிப்பெடுத்துத் தடித்துப்போனது, பூச்சி பின்னங்காலால் தன் முதுகைக் கரகரவென்று தேய்க்கும்போதுதான் அந்த அரிப்பு வருகிறது என்பதையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? ஆத்தா இறங்கியிருக்கிறாள், அம்மை பார்த்திருக்கிறது என்று முடிவுகட்டி, பெட்டியைச் சுற்றி வேப்பிலை கட்டி, அரிப்பெடுத்த கையில் மஞ்சள் பூசிக்கொண்டு, சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சூடம் காட்டினார்கள். கரப்பானும் வெட்டுக்கிளியும் தின்கிற சீவனுக்குச் சர்க்கரைப் பொங்கல். சூடப் புகை பெட்டிக்குள் சுற்றியது, பூச்சி மூலைக்குப் போய்ச் சுருண்டுகொண்டது, ஆத்தா அருள் வந்து ஒடுங்கிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முத்துவிநாயகத்துக்கு மூளை அதிகம். கோழிக்குஞ்சுக்குப் பல்பு போடுவதுபோல் இதற்கும் போட்டால் சட்டை சீக்கிரம் வரும் என்று பெட்டிக்கு மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். ஈரம் பட்டால் சாயம் போய்விடும், இனிமேல் யாரும் தண்ணீர் வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டார். சீனியம்மாள் கேட்காமல் மறுநாளும் தண்ணீர் ஊற்றினாள், அதற்கு மறுநாள் பெட்டியில் பூட்டுத் தொங்கியது. திண்டுக்கல் பூட்டு, அதை யார் உடைப்பது, சாவி சௌந்தரபாண்டியின் இடுப்பில்.

சட்டைகள் வேகமாக வந்தன. வந்ததெல்லாம் சீனியம்மாள் கைக்குத்தான் வந்தது. முதல் சட்டை காடாத்துணி கனம், அடுத்தது பாப்ளின், அதற்கடுத்தது மல்லுத்துணி மாதிரி, கடைசியாக வந்தது ஊசி குத்தினால் கிழிந்தது. துணி நைந்தால் கோளாறு தறியில் என்பது தைக்கிறவர்களுக்குத் தெரியும். கண்ணாடி வழியாகப் பார்த்தாள், எலந்தைப்பழம் மாதிரி உருண்டிருந்த வயிறு சுருங்கி எலந்தைக்கொட்டையாகிவிட்டது, நடக்கும்போது கால்கள் தடுமாறின. முற்றத்தில் கூட்டம் கூடியபோது போய்ச் சொன்னாள், அது சாகப் போகுது, தண்ணி வையுங்க, பல்பை அணைங்க என்று சொன்னாள். அக்கா நீங்க காஜா எடுக்கிற வேலையைப் பாருங்க என்றார் முத்துவிநாயகம். உனக்கெதுக்குடி ஊர்வம்பு என்றான் அவள் புருஷன் குருசாமி, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், கூட்டத்தில் அவனும்தான் உட்கார்ந்திருந்தான்.

அப்படியிருக்க அவள் வீட்டு முறை வந்தது. ஸ்டாண்டில் தன்னை யாரும் மதிப்பதில்லை, இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று சொல்லிவிட்டுக் குருசாமி குளிக்கப் போனான். சீனியம்மாள் ஆணியில் தொங்கின சட்டையை எடுத்து, கட்டட வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வார்களே, அதேபோல் போட்டுப் பொத்தானை மாட்டினாள். ஈரத்துண்டோடு வெளியே வந்தவன் அவளைப் பார்த்தான். நின்று, முழுசாக, பார்த்தான். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் கேட்காத கேள்வி. பொய் சொல்வானேன், அவளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்துதான் போனது. அவனே அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டுக்கொண்டுவந்து நீட்டினான், வாங்கும்போதுதான் கவனித்தாள், அவன் கண் அவள் முகத்தில் இல்லை, காலரில் இருந்தது. காப்பியை அப்படியே வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து, பூட்டைத் திறங்க, தண்ணி வையுங்க, பல்பை எடுங்க என்றாள். ஓடினார்கள். சௌந்தரபாண்டி தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினார், முத்துவிநாயகம் பல்பைக் கழற்றினார், எதிர்வீட்டு அம்மாள் எங்கிருந்தோ வெட்டுக்கிளி பிடித்து வந்தாள், சீனியக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள்.

சாயங்காலம் முறைப்படி சட்டையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள். மறுநாள் காலையில் மோட்டார் போடப் போனால் பல்பு எரிகிறது, பூட்டுத் தொங்குகிறது, மூடி காய்ந்து கிடக்கிறது. நேற்றுச் சொன்னேனே என்றாள். என்ன சொன்ன என்று கேட்டார் சௌந்தரபாண்டி, சத்தியமாக ஞாபகமில்லாமல்தான் கேட்டார். வீட்டுக்குள்ளிருந்து குருசாமி காப்பி எங்கடி என்று கத்தினான். அவர்கள் கேட்டது அவள் பேச்சை இல்லை, காதுகொடுத்தது சட்டைக்கு. பிறந்ததிலிருந்து கோபப்படத் தெரியாதவள் என்று பேரெடுத்த சீனியம்மாளுக்கு அன்றைக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது, இனி அந்தச் சட்டையைத் தொட்டால் ஏன் என்று கேள் என்று மிஷின் மேல் அடித்துச் சத்தியம் பண்ணினாள்.

வெளியூரில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு லேப் கோட்டு தைத்துக் கொடுத்துவந்தாள், அளவெடுக்கப் போன பழக்கத்தில் அங்கே விலங்கியல் டீச்சர் தேவகிருபையைத் தெரியும். கண்ணாடி வழியாகப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினாள். டீச்சர் உடனே கூப்பிட்டார். பின்னங்காலால் முதுகைத் தேய்க்குதா, தேய்ச்சா மத்தவங்களுக்கு அரிக்குதா என்று கேட்டார். ஆமா டீச்சர், இங்க எல்லாரும் மஞ்சள் பூசிக்கிட்டுத் திரியறாங்க என்றாள். "அப்ப இது நம்ம மலைப் பூச்சி இல்லம்மா. நம்ம ஜாதி கடிக்கும், இப்படி அரிக்கிற முடியை உதிர்த்து விடாது. இது கடல் தாண்டி, சிலின்னு ஒரு தேசத்துலேருந்து வந்தது. காட்டுல விட்டாலும் பிழைக்காது. எங்கிட்டக் கொண்டு வாங்க, நான் வச்சுப் பாத்துக்கறேன்" என்றார் டீச்சர். இன்னொன்றும் சொன்னார். அது மல்லாக்கப் படுத்தால் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், தோல் உரிக்கப் போகிறது, அப்போது யாரும் தொடக்கூடாது, பக்கத்தில் ஈரம் இருக்கணும், ஈரமில்லாவிட்டால் தோலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு போய்விடும் என்றார்.

கொண்டுபோவது எப்படி, பூட்டு தொங்குகிறதே. சீனியம்மாள் சாவி கேட்டாள், கொடுக்கவில்லை. கெஞ்சினாள், கொடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது சாவுதான், அதாவது சாவு என்று அவர்கள் நினைத்துக்கொண்டது.

ஒரு காலைப்பொழுதில் பூச்சி மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே பார்த்து மடங்கியிருந்தன. மல்லாந்து கிடந்தால் நம் ஊரில் வேறென்ன அர்த்தம்? எதிர்வீட்டு அம்மாள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள், சௌந்தரபாண்டி தூணில் சாய்ந்துவிட்டார், முத்துவிநாயகம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். சாகலை, தோல் உரிக்குது, தொடாதீங்க என்று சீனியம்மாள் ஒவ்வொருத்தராகப் பிடித்துச் சொல்லிப் பார்த்தாள், துக்கத்தில் இருக்கிறவர்கள் அவளை விலக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். கொட்டுக்காரர்களுக்கு ஆள் போனது, மாலை வந்தது, சௌந்தரபாண்டி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார், குளிப்பாட்டுவதற்கு மஞ்சள் தண்ணீர் கரைத்து அண்டாவில் தயாராகிவிட்டது. அந்த அண்டாவுக்குள் முக்கினால் அத்தோடு கதை முடிந்தது. சீனியம்மாள் அண்டாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கோடி போடாமலா அனுப்பப் போறீங்க?" என்று கேட்டாள்.

எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஆமாம், இத்தனை பேருக்குச் சட்டை கொடுத்த உடம்பு, புதுத்துணி இல்லாமல் போகலாமா. கோடி தைக்கணும்னா அளவு எடுக்கணும், எட்டுக் காலுக்கும் தனித்தனி அளவு, நனைஞ்சா அளவு தப்பிரும், அப்படியே குடுங்க, தச்சு முடிக்கிறவரைக்கும் கதவைத் தட்டாதீங்க என்றாள். உடனே கொடுத்துவிட்டார்கள். அவள் பேச்சை மதித்துக் கொடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள், வேலை என்றால் அவள் தலையில் கட்டுவது அவர்களுக்குப் பழக்கம்.

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள், ஈரத்துணியைப் பிழிந்து பெட்டியைச் சுற்றி வைத்தாள், மூடியில் தண்ணீர் நிரப்பினாள், உட்கார்ந்தாள். வெளியே கொட்டுச் சத்தம் ஆரம்பித்தது. கொட்டுக்கு நடுவிலே பூச்சியின் நெஞ்சுப் பக்கம் ஒரு கீறல் விழுந்து விரிந்தது, உள்ளேயிருந்து வெளுத்த புது உடம்பு பிதுங்கியது, ஒவ்வொரு காலாக, இறுக்கமான ரவிக்கைக் கையிலிருந்து ஈரக்கையை உருவுவதுபோல் உருவ ஆரம்பித்தது. ஒரு கால் மாட்டிக்கொண்டது. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. ஊசியால் லேசாக எடுத்துவிட்டால் போதும், வாழ்நாளெல்லாம் சிக்கெடுத்த கை அது, ஆனால் தொடக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். இரண்டு கையையும் அக்குளில் இறுக்கி வைத்துக்கொண்டு, வந்துரும்மா, வந்துரு தாயி, விட்டுட்டாவது வந்துரு என்று வாய்விட்டு அழுதாள். அது அந்தக் காலை விட்டுவிட்டுத்தான் வந்தது. ஏழு காலோடு ஈரத்துணி ஓரமாகப் போய்ச் சரிந்து படுத்துக்கொண்டது, படுத்த உடம்பு மூச்சு விடுவதுபோல் அசைந்தது.

இந்தத் தடவை காலர் இல்லை, பொத்தான் இல்லை, பாக்கெட் இல்லை. உள்ளங்கை அளவில், எட்டுக் காலும் முழுசாக, முடிகூடக் கலையாமல், வெறும் தோல். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். சீனியம்மாள் வெள்ளைத் துணியில் அந்தத் தோலுக்கு அளவாக ஒரு கோடி தைத்து, தோலை அதற்குள் பொதிந்து, கதவைத் திறந்து நீட்டினாள். இந்தாங்க என்றாள்.

செருப்பு டப்பாவில் வைத்து, ஆளுக்கொரு மூலையாக நாலு பேர் தூக்கினார்கள். குருசாமியும் ஒரு மூலையைப் பிடித்தான். முற்றத்தை வலம் வந்து மோட்டார் பக்கத்தில் குழிதோண்டி அடக்கம் பண்ணினார்கள். மறுநாள் காம்பவுண்ட் வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறியது, பூச்சி படம் நடுவில், சௌந்தரபாண்டியும் முத்துவிநாயகமும் இரண்டு பக்கமும் கைகூப்பியபடி. அந்தச் சமயத்தில் பூச்சி அவள் தையல் மிஷின் டிராயருக்குள், வெட்டுத்துணிகளுக்கு நடுவில், உடம்பு இறுகுகிறவரைக்கும் அசையாமல் கிடந்தது. வீட்டுக்குள் அவள் பகலெல்லாம் யாரோடு பேசுகிறாள் என்று குருசாமி கேட்கவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போதே ரொட்டி டப்பாவில் ஓட்டை போட்டு, அடியில் ஈரப்பஞ்சு வைத்து, அதை ஒரு பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். டப்பாவை மடியில் வைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையால் தாங்கிக்கொண்டு போனாள். வழியெல்லாம் ஜன்னலோரச் சீட்டைக் கேட்டவர்களுக்கு, பச்சப்புள்ளை இருக்கு, காத்து வேணும் என்று சொல்லி விட்டுக்கொடுக்க மறுத்தாள். தேவகிருபை டீச்சர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், வெளிச்சத்தில் வைத்துப் புதுத் தோலைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், கால் இல்லாத இடத்தைப் பார்த்தார்.

"பொம்பளைதான். கால் அடுத்தடுத்த தடவை உரிக்கிறப்ப முளைச்சு வந்துரும். நல்லாப் பாத்துக்கிட்டா இன்னும் பதினஞ்சு வருஷம் இருப்பா" என்றார்.

"இனிமேயும் சட்டை போடச் சொல்லுவாங்களா டீச்சர்?"

"யாரு சொல்லுவா? தோல் உரிப்பா, வருஷத்துக்கு ஒண்ணு, அதுவும் அவளுக்குத் தோணினா" என்றார் டீச்சர். பரந்த பெட்டி, அடியில் மண், கவிழ்த்துவைத்த பாதிச் சட்டி, அகலமான தண்ணீர்க் கிண்ணம். அதில் விட்டதும் அது நேராகச் சட்டிக்குள் போய் மறைந்துகொண்டது. யாருடைய கண்ணிலும் படாமல் இருப்பதற்கும் ஒரு இடம் வேண்டும்தானே என்று சீனியம்மாள் நினைத்தாள். டீச்சர் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், ஆனால் பஸ் வாசலிலேயே நின்று ஹாரன் அடித்தது, அதை விட்டால் அப்புறம் சாயங்காலம்தான், ஓடிப்போய் ஏறிவிட்டாள்.

காம்பவுண்டில் அன்றைக்குப் பால் ஊற்றுகிற சடங்கு. காலையில் ஊற்ற வேண்டியது, எமகண்டம், ராகுகாலம் என்று தள்ளித் தள்ளி மத்தியானம் தாண்டிவிட்டது. அவள் வாசலில் நுழையும்போது எல்லோரும் மோட்டார் பக்கத்து மண்மேட்டைச் சுற்றி நின்றார்கள், மேட்டில் பூ போட்டிருந்தார்கள், ஊதுவத்தி புகைந்தது, பித்தளைச் சொம்பு தளும்பத் தளும்பப் பசும்பால். அத்தனை நாளும் சோடா மூடி அளவு தண்ணீருக்குப் பூட்டுப் போட்ட கைகள் வரிசையாக, பயபக்தியாக, அந்த மண்ணில் பால் விட்டுக்கொண்டிருந்தன. விட்ட பாலை மண் உறிஞ்சி உறிஞ்சிச் சேறாகியிருந்தது. முத்துவிநாயகம் தன் பங்கை ஊற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சௌந்தரபாண்டி அவளைப் பார்த்துவிட்டார். "எங்கம்மா போயிட்ட காலையிலேருந்து? வா, நீயும் ஒரு கை ஊத்து. கோடி தச்சவ நீதானே" என்று சொம்பை நீட்டினார்.

சீனியம்மாள் பையைக் கீழே வைத்தாள். சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, மண்மேட்டைப் பார்த்தாள், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள், அண்ணாந்து சொம்பை உயர்த்தித் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள். ஐயோ, சாவுப் பால் என்று யாரோ பதறினார்கள். குருசாமி ஏய் என்று ஒரு எட்டு முன்னால் வந்து அப்படியே நின்றான். அவள் நிறுத்தி ஒரு மூச்சு விட்டாள்.

"செத்தது குடிக்காதுண்ணே. நான் காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கேன்" என்றாள்.

மறுபடி சொம்பை உயர்த்தினாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை, பால் ஒரு சொட்டுக்கூட மண்ணில் விழாமல் உள்ளே போவதை, சொம்பு காலியாகிறவரைக்கும் காம்பவுண்டே பார்த்துக்கொண்டு நின்றது.